ஆஸ்கர் கணிப்பு: இந்த சீசனில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

பரிந்துரைப் பட்டியல் வெளியானதிலிருந்து விருது மேடை வரைக்கும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் வருடா வருடம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரிக்கு மேல் தேவையே இல்லை.

பரிந்துரையான பத்துப் படங்களையும் பார்த்துவிடுகிறேன். எது சிறந்தது என்றும் தெளிவாகத் தெரிகிறது. அப்படியும் என் கணிப்பு பாதிக்குமேல் தப்பாகிறதே, ஏன்?

நீங்கள் கணிக்கவில்லை, நீங்களே ஓட்டுப் போடுகிறீர்கள். உங்கள் ரசனைக்கு ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியில் ஓட்டு கிடையாது. அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர்: நடிகர்கள், ஒளிப்பதிவாளர்கள், எடிட்டர்கள், ஒப்பனைக் கலைஞர்கள், விளம்பரத் துறையினர் என்று சினிமாத் தொழிலில் இருப்பவர்கள். பரிந்துரைக் கட்டத்தில் பெரும்பாலான பிரிவுகளில் அந்தந்தத் தொழில்காரர்கள் மட்டும்தான் தேர்வு செய்கிறார்கள், அதாவது எடிட்டிங்குக்கு எடிட்டர்கள், நடிப்புக்கு நடிகர்கள். இறுதிக் கட்டத்தில் எல்லோரும் எல்லாப் பிரிவுக்கும் ஓட்டுப் போடலாம். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒலிக் கலைஞர்கள் நுட்பம் பார்த்துப் பரிந்துரைத்த ஐந்து படங்களிலிருந்து வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒலிக் கலைஞர்கள் இல்லை. 'இதில் சத்தம் பிரமாதமாக இருந்ததே' என்று நினைவில் நிற்கிற படத்துக்குத்தான் அவர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

சிறந்த இயக்குநர் ஒரு படத்துக்கு, சிறந்த படம் வேறொன்றுக்கு. இது என்ன நியாயம்?

நியாயமா என்பது வேறு விஷயம், எண்ணுகிற முறையே வேறு. இயக்குநர், நடிகர் என்று மற்ற எல்லாப் பிரிவிலும் யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயிப்பார். சிறந்த படத்துக்கு மட்டும் உறுப்பினர்கள் பத்துப் படங்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். முதலிடங்களை எண்ணி, எந்தப் படத்துக்கும் பாதிக்குமேல் வரவில்லை என்றால், கடைசியில் இருக்கும் படத்தைத் தூக்கிவிட்டு, அந்தச் சீட்டுகளில் அடுத்ததாக எந்தப் படம் எழுதியிருக்கிறதோ அதற்கு அந்த ஓட்டுகளை மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலிருந்து, அதாவது ஐந்து படங்கள் பத்தாக விரிந்ததிலிருந்து, இந்த முறைதான்.

இதனால் என்ன ஆகிறது? ஒரு கூட்டம் தலையில் வைத்துக் கொண்டாடி, இன்னொரு கூட்டம் முகம் சுளிக்கிற படம் முதல் சுற்றில் முன்னால் நிற்கும், அப்புறம் நகரவே நகராது. எல்லோருக்கும் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் பிடித்த படம் மெதுவாக ஏறி வந்து தாண்டிவிடும். சீட்டு எண்ணிக்கையை அகாடமி வெளியிடுவதில்லை, அதனால் எந்த ஆண்டு எப்படி நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் 2022-ஐப் பாருங்கள். 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளோடு வந்து இயக்குநர் விருது ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனது, வெறும் 3 பரிந்துரைகளோடு வந்த 'கோடா' மூன்றையும் வாங்கி சிறந்த படமாகவும் ஆனது. முந்தையது பலருக்கு மதிப்பு வரவழைத்த படம், பிந்தையது யாருக்குமே பிடிக்காமல் போகாத படம். சிறந்த படத்தைக் கணிக்கும்போது 'இதை வெறுப்பவர்கள் எத்தனை பேர்' என்றுதான் நான் முதலில் கேட்டுக்கொள்வேன்.

அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்க விருதும் இதே வரிசை முறையில்தான் எண்ணப்படுகிறது, அதனால் அதற்கு மதிப்பு அதிகம். 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகளும் அங்கே ஜெயித்த படமே ஆஸ்கரிலும் ஜெயித்தது. அதை அப்படியே நம்பிவிடவும் முடியாது, 2016, 2017, 2020 மூன்று ஆண்டிலும் கை விட்டிருக்கிறது.

கோல்டன் குளோப் யாருக்கு என்று பார்த்து எழுதினால் போதாதா?

போதாது. குளோபுக்கு ஓட்டுப் போடுவது சில நூறு பத்திரிகையாளர்கள், அவர்களுக்கும் அகாடமிக்கும் சம்பந்தமில்லை. 2025-இல் 'அனோரா' குளோபில் ஒரு விருதுகூட வாங்கவில்லை, ஆஸ்கரில் சிறந்த படம் உட்பட ஐந்து. குளோபால் ஒரு பயன் உண்டு: ஒருவர் மேடையேறி நன்றாகப் பேசிவிட்டால் 'இவர் மறுபடி பேசினால் நன்றாக இருக்குமே' என்ற எண்ணம் தொழிலுக்குள் பரவும். அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடிப்பு விருதுகளில் ஒவ்வொரு முறையும் ஒன்றில் சறுக்குகிறேன். எதைப் பார்த்து எழுதுவது?

துணை நடிகர், துணை நடிகை இரண்டிலும் பெரும்பாலும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ராபர்ட் டவுனி ஜூனியர், டா'வைன் ஜாய் ராண்டால்ஃப், கீரன் கல்கின், ஜோயி சல்தானா எல்லாம் ஜனவரியிலிருந்தே அள்ளிக்கொண்டு வந்தவர்கள். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

முன்னணி நடிகர், நடிகையில்தான் சிக்கல், அங்கே நான் பார்ப்பது பாஃப்டா, அதாவது பிரிட்டிஷ் அகாடமி விருது. அகாடமி 2016-க்குப் பிறகு அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து ஏராளமானவர்களைச் சேர்த்தது, அவர்கள் மனநிலை அமெரிக்க நடிகர் சங்க விருதில் தெரியாது, பிரிட்டிஷ் விருதில் ஓரளவு தெரியும். 2019-இல் கிளென் க்ளோஸ்தான் என்று ஊரே எழுதியது, பாஃப்டா வாங்கியிருந்த ஒலிவியா கோல்மன் ஜெயித்தார். 2021-இல் மறைந்த சாட்விக் போஸ்மனுக்குத்தான் என்ற நம்பிக்கையில் சிறந்த நடிகர் விருதை நிகழ்ச்சியின் கடைசிக்கே தள்ளினார்கள் என்று பேச்சு. உறையைப் பிரித்தால் பாஃப்டா வாங்கிய ஆன்டனி ஹாப்கின்ஸ். அவர் அரங்கிலேயே இல்லை! 2025-இல் குளோப், விமர்சகர் விருது, நடிகர் சங்க விருது மூன்றும் டெமி மூருக்கு, பாஃப்டாவும் ஆஸ்கரும் மைக்கி மேடிசனுக்கு.

சரி, அப்படியென்றால் பாஃப்டாவை அப்படியே நகல் எடுக்கலாமா? 2023-இல் பாஃப்டா கேட் பிளான்செட்டுக்கும் ஆஸ்டின் பட்லருக்கும் போனது, ஆஸ்கர் மிஷெல் யோவுக்கும் பிரெண்டன் ஃப்ரேசருக்கும், அதாவது நடிகர் சங்கம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு. 2022-இல் பாஃப்டா சிறந்த நடிகை ஆஸ்கர் பரிந்துரையிலேயே இல்லை. ஆகவே என் பழக்கம் இதுதான்: பாஃப்டா, நடிகர் சங்கம் இரண்டு விருதும் ஒரே ஆளுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன், பிரிந்துபோனால் யாரை எழுதினாலும் அது பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வேன். நண்பர்களுக்குள் நம்பிக்கைப் புள்ளி (ஒவ்வொரு கணிப்பிலும் எவ்வளவு உறுதி என்று நீங்களே வைக்கிற புள்ளி) வைத்து விளையாடுகிறீர்கள் என்றால் அந்தப் பிரிவுக்குக் குறைந்த புள்ளி வையுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சிறந்த நடிகர் விருதை இளைஞர்களுக்குக் கொடுப்பதில் அகாடமிக்கு ஒரு தயக்கம் உண்டு. மிக இளம் வயதில் அதை வாங்கியவர் 2003-இல் ஏட்ரியன் பிரோடி, அப்போது 29 வயது. 2025-இல் அதே 29 வயதில் டிமத்தி ஷாலமே நடிகர் சங்க விருதோடு வந்து நின்றார், தோற்றது யாரிடம் என்று பார்த்தால் அதே பிரோடியிடம்! நடிகைகளுக்கு இந்தக் கணக்குத் தலைகீழ்: ஜெனிஃபர் லாரன்ஸ் 22, மார்லி மாட்லின் 21. இதைப் பற்றிக் கோபப்பட நிறைய இருக்கிறது, கணிப்புத் தாளில் அதற்கு இடமில்லை.

அதிகப் பரிந்துரை வாங்கிய படம்தானே ஜெயிக்கும்?

'லா லா லேண்ட்' 14 பரிந்துரை, 6 விருது, சிறந்த படம் இல்லை. 'எமிலியா பெரெஸ்' 13 பரிந்துரை, கதாநாயகியின் பழைய சமூக ஊடகப் பதிவுகள் கிளறப்பட்ட பிறகு கடைசியில் 2 விருது. பரிந்துரை எண்ணிக்கை எத்தனை தொழில்காரர்கள் அந்தப் படத்தை மதித்தார்கள் என்று காட்டும், அவ்வளவுதான்.

இதே வகையில் இன்னொரு பழைய நம்பிக்கையும் உண்டு, எடிட்டிங் பரிந்துரை இல்லாத படம் ஜெயிக்காது என்று. பல பத்தாண்டுகள் நின்ற கணக்கு அது, 'பேர்ட்மேன்' உடைத்தது, 'கோடா' மறுபடி உடைத்தது. இயக்குநர் பரிந்துரை இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பதும் அப்படித்தான் போனது: 'ஆர்கோ', 'கிரீன் புக்', மறுபடி 'கோடா'. இன்னும் உடையாமல் ஓரளவு தாங்குவது அமெரிக்க இயக்குநர் சங்க விருது. அதை வாங்கியவருக்கு ஆஸ்கர் இயக்குநர் விருது கிடைக்காத ஆண்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அண்மையில் நடந்தது 2020, அங்கே சாம் மெண்டிஸ், இங்கே போங் ஜூன்-ஹோ. 2013-இல் பென் அஃப்லெக்குக்கு ஆஸ்கர் பரிந்துரையே இல்லாததால் அந்த ஆண்டைக் கணக்கில் சேர்ப்பதே கொஞ்சம் அநியாயம்.

இத்தனை வருடமாகக் கொடுக்கவில்லை, இந்தத் தடவை கட்டாயம் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். சரியா?

கிளென் க்ளோஸ் 8 பரிந்துரை. பீட்டர் ஓ'டூல் போட்டியில் 8 முறை நின்று ஒன்றும் வாங்காமலே போய்ச் சேர்ந்தார். பாடலாசிரியர் டயான் வாரன் 15 முறைக்கு மேல் பரிந்துரையாகியும் போட்டியில் வாங்கியதில்லை. ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸுக்குப் பதினான்காவது பரிந்துரையில்தான் கிடைத்தது, அதுவும் அந்த ஆண்டு அந்த வேலை அப்படி இருந்தது. 'பாவம், கொடுக்கலாம்' என்ற எண்ணம் வலுவான வேலையோடு சேர்ந்தால் தள்ளிவிடும். தனியாக அது ஓடாது.

ஒப்பனை, உடை மாதிரிப் பிரிவுகளில் ஏதாவது குறுக்கு வழி?

ஒப்பனைக்கு நல்ல குறுக்கு வழி இருக்கிறது. பிரபல முகம் அடையாளம் தெரியாமல் மாறி, அந்த நடிகரும் ஜெயிக்கும் நிலையில் இருந்தால், இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். 'தி அயர்ன் லேடி', 'டார்க்கஸ்ட் அவர்', 'தி ஐஸ் ஆஃப் டாமி ஃபே', 'தி வேல்' எல்லாம் ஒப்பனை விருதும் நடிப்பு விருதும் சேர்ந்தே வாங்கியவை. உடை அலங்காரத்தில் பழைய காலமும் கற்பனை உலகமும்தான் ஜெயிக்கும். ஜீன்ஸ் போட்டு நடக்கிற சமகாலக் கதையை எழுதி புள்ளியை வீணடிக்காதீர்கள்.

குறும்படங்கள்?

நண்பர்களுக்குள் நடக்கும் கணிப்புப் போட்டியில் ஜெயிப்பவரை முடிவு செய்வது குறும்படங்களின் மூன்று பிரிவுகள்தான் (கதை, அனிமேஷன், ஆவணம்), ஏனென்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது இங்கேதான். முடிந்தால் பாருங்கள், பெரும்பாலானவை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நேரமில்லை என்றால் பெரிய ஓடிடி தளத்தில் இருப்பதை எழுதுங்கள், அதிகம் பேர் பார்த்திருப்பார்கள். முதுமலை யானைக்குட்டியின் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023-இல் ஜெயித்தபோது அது நெட்ஃப்ளிக்ஸில் இருந்தது.

ஒவ்வொரு ஜனவரியிலும் 'ஆஸ்கர் போட்டியில் தமிழ்ப் படம்' என்று செய்தி வருகிறது. அப்புறம் சத்தமே இல்லை. என்ன நடக்கிறது?

ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் விஷயம். அகாடமி ஒவ்வொரு ஆண்டும் தகுதியுள்ள படங்களின் பட்டியலை வெளியிடும். அதில் வழக்கமாக முந்நூறு படங்கள் அளவுக்கு இருக்கும். அமெரிக்காவில் குறிப்பிட்ட ஆறு நகரப் பகுதிகளில் ஒன்றில் ஏழு நாள் திரையரங்கில் ஓட்டி, விண்ணப்பமும் கொடுத்தால் பொதுப் பிரிவுகளுக்குத் தகுதி கிடைத்துவிடும், சிறந்த படத்துக்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. 'சூரரைப் போற்று', 'ஜெய் பீம்', 'கங்குவா' எல்லாம் இந்தப் பட்டியலில் வந்தவை. தேர்தலில் மனுத் தாக்கல் செய்த மாதிரிதான் அது, யாரும் இன்னும் ஓட்டே போடவில்லை.

இந்தியாவின் சார்பில் போகிற படம் முற்றிலும் வேறு வழி. இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு ஒரே ஒரு படத்தை அனுப்பும். தமிழிலிருந்து 'தெய்வமகன்' தொடங்கி 'நாயகன்', 'விசாரணை', 'கூழாங்கல்' வரை பல போயிருக்கின்றன, எதுவும் இறுதி ஐந்துக்குள் வரவில்லை. இந்தியா அனுப்பியவற்றில் அதுவரை போனவை மூன்றுதான்: 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'. என்னைக் கேட்டால் தேர்வுக் குழு 'நம் பெருமையைக் காட்டும் படம் எது' என்று யோசிக்கிறது, யோசிக்க வேண்டியது 'ஏற்கனவே வெளியே யார் இதைப் பற்றிப் பேசுகிறார்கள்' என்று. 2024-இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ வாங்கிய 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' கையில் இருக்கும்போது 'லாபதா லேடீஸ்' அனுப்பினார்கள், அது பதினைந்து படங்கள் கொண்ட முதல்கட்டப் பட்டியலுக்கே போகவில்லை. 'நாட்டு நாட்டு' ஜெயித்தது அரசாங்கமோ கூட்டமைப்போ அனுப்பி இல்லை. படத்தை வெளியிட்டவர்கள் மாதக்கணக்கில் அமெரிக்காவில் திரையிட்டுப் பேசவைத்தார்கள், ஜனவரியில் குளோப் கிடைத்தது, அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் வேறு எதையும் எழுதத் தேவையே இருக்கவில்லை.

சர்வதேசப் படப் பிரிவை எப்படி எழுதுவது?

சிறந்த படத்துக்கும் பரிந்துரையான வெளிநாட்டுப் படம் எது என்று பாருங்கள், அதை எழுதுங்கள். 'ரோமா', 'பாரசைட்', 'டிரைவ் மை கார்', 'ஆல் கொயட்', 'தி சோன் ஆஃப் இன்டரஸ்ட்' எல்லாம் அப்படி வந்தவை. இரண்டு படங்கள் அப்படி வந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்: 2025-இல் சர்ச்சையில் சிக்கிய 'எமிலியா பெரெஸ்' விழுந்து, 'ஐ'ம் ஸ்டில் ஹியர்' ஜெயித்தது.

எல்லாப் படத்தையும் பார்த்தால்தான் ஓட்டுப் போடலாம் என்று விதி வந்திருக்கிறதாமே. கணிப்பு மாறுமா?

2026 விழாவிலிருந்து அந்த விதி: இறுதிச் சுற்றில் ஒரு பிரிவில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் அந்தப் பிரிவில் பரிந்துரையான எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். அகாடமியின் தளத்தில் பார்த்தால் பதிவாகிவிடும், திரையரங்கிலோ விழாவிலோ பார்த்ததாகச் சொல்பவர்கள் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் பொய் சொல்பவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். ஆனாலும் சிறிய பிரிவுகளில் பெயரை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுகிற கூட்டம் குறையும் என்று நினைக்கிறேன், அதனால் ஆவணப்படம், அனிமேஷன் போன்ற பிரிவுகளில் பெரிய நிறுவனம் என்பதற்காகவே ஒன்றை எழுதுவதை நான் குறைத்துக்கொண்டேன்.

கடைசியாக எப்போது முடிவு செய்து தாளைப் பூட்டுவது?

ஓட்டுப் பதிவு எந்தத் தேதிகளில் என்று பாருங்கள். 2025-இல் பிப்ரவரி 11 முதல் 18 வரை ஓட்டுப் பதிவு, பாஃப்டா 16-ஆம் தேதி, நடிகர் சங்க விருது 23-ஆம் தேதி. அதாவது நடிகர் சங்க விருது வந்தபோது பெட்டியைப் பூட்டியாகிவிட்டது, அந்த மேடையில் யார் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் ஒரு ஓட்டுகூட மாறியிருக்க முடியாது. அந்த வாரம் பலர் டெமி மூருக்கும் ஷாலமேவுக்கும் தாளை மாற்றி எழுதினார்கள். ஓட்டுப் பதிவு முடிந்த பிறகு வருகிற விருதைத் தொழிலின் மனநிலைக்கு ஒரு சாட்சியாக மட்டும் பாருங்கள், அதற்கு முந்தைய வாரம் கிடைத்த தகவல்களை அது அழித்துவிடாது. விழாவன்று மாலை வரும் 'கடைசி நேர உள்தகவல்' எதையும் படிக்க வேண்டாம், விடை தெரிந்தவர்கள் ஓட்டுகளை எண்ணும் கணக்கு நிறுவனத்தில் ஒரு சிலர்தான், அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை.