சர்ச் (தேடல்) மார்க்கெட்டிங் பற்றி மேடையில் பேச…

மதிப்பிற்குரிய ஐயா,

ஈரோட்டில் ஒரு சின்ன ஏஜென்சியில் நான்கு வருடங்களாக கூகுள் விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். பெட்ஷீட், ஜமக்காளம், மஞ்சள் வியாபாரிகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். இந்தத் துறை பற்றி மேடையில் பேச வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. ஆனால் யூடியூபில் பெரிய மாநாட்டுப் பேச்சுகளைக் கேட்டால் தைரியம் போய்விடுகிறது. அவர்கள் கோடிக்கணக்கில் பட்ஜெட் கையாள்கிறார்கள். நான் பார்ப்பது ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் கணக்கு. ஆங்கிலமும் சரளம் இல்லை. என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது? எங்கிருந்து தொடங்குவது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்களிடம் சொல்ல இருப்பது உங்கள் கணக்குகளின் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டில், அதாவது மக்கள் என்ன தேடி உங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலில், இருக்கிறது. அதை முதலில் திறந்து வையுங்கள்.

இந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வரட்டும் என்று நாம் கீவேர்ட் ஒன்றைப் போடுகிறோம். மக்கள் தேடுவது வேறொன்று. ‘பெட்ஷீட்’ என்று பிராட் மேட்ச்சில் (தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் முறை) போட்ட மொத்த வியாபாரிக்கு, பெட்ஷீட்டில் கறை போக்குவது எப்படி என்று தேடியவர் வந்து கிளிக் செய்வார். டபுள் காட் அளவு எத்தனை இன்ச் என்று தேடியவர் வருவார். பெட்ஷீட் கம்பெனியில் வேலை தேடுபவரும் வருவார். மூன்று கிளிக்குக்கும் காசு போகும். கூடவே, ‘சென்னிமலை’ என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாகத் தட்டுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தமிழ் எழுத்தில் தேடுபவர் யார், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர் யார், இவர்களில் போன் செய்கிறவர் யார் என்பதும் நான்கு வருடத்தில் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். கோடி ரூபாய் பட்ஜெட் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. அவர் கண்ணில் இந்த வரிகள் படுவதே இல்லை. அதனால்தான் நீங்கள் பேச வேண்டும் என்கிறேன்.

என் முதல் பேச்சு ஒரு வணிகர் சங்கக் கூட்டத்தில். அறுபது ஸ்லைடு கொண்டுபோனேன். தேடுபொறி எப்படி வேலை செய்கிறது, சந்தை எப்படி வளர்கிறது என்று நாற்பது நிமிடம் பேசினேன். கடைசியில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். “தம்பி, எனக்கு ஒரு போன் வர எவ்வளவு செலவாகும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அறையில் இருந்த எல்லோரும் அந்தக் கேள்விக்காகத்தான் வந்திருந்தார்கள் என்பது அந்த நொடியில் புரிந்தது. மறுநாளே அவர் மில்லுக்குப் போய் கணக்கைத் திறந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் விற்கிறவருக்கு முடி வளர என்ன தடவலாம் என்று தேடியவர்களும், இன்ஜின் ஆயில் விலை தேடியவர்களும் வந்து காசைக் கரைத்திருந்தார்கள். என் அடுத்த பேச்சு முழுக்க அந்த ஒரே கணக்குதான். ஸ்லைடு பன்னிரண்டு.

அதனால் உங்கள் முதல் பேச்சை ஒரே கணக்கில் கட்டுங்கள். எந்தத் தேடலுக்குக் காசு போனது, எதை நெகட்டிவ் கீவேர்டாக (விளம்பரம் வர வேண்டாத சொல்லாக) போட்டீர்கள், அப்புறம் என்ன மாறியது, எது நீங்கள் நினைத்தபடி மாறவில்லை என்று சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 9,000 ரூபாய் போய் 50 அழைப்பு வந்தால் ஓர் அழைப்புக்கு 180 ரூபாய். அந்த வகுத்தலைப் பலகையில் எல்லோர் கண்முன்னும் போடுங்கள். ஒன்றை மறக்கக் கூடாது. வியாபாரியிடம் அனுமதி வாங்காமல் கணக்கைக் காட்டாதீர்கள். அனுமதி தந்தாலும் கடைப் பெயர், போன் நம்பர், உண்மையான தொகை எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். போட்டிக் கடைக்காரர் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

யார் விளம்பரம் மேலே வரும் என்பதை கூகுள் ஏலம் விட்டு முடிவு செய்கிறது; அந்த ஏலத்தை விளக்குவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உங்கள் ஊரில் அது சுலபம். மஞ்சள் மார்க்கெட் ஏலத்தில் அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு. கூகுளில் கேட்கும் விலையோடு விளம்பரத்தின் தரமும் சேர்கிறது. ஒருவர் கிளிக்குக்கு 20 ரூபாய் கேட்கிறார், தரம் 4. பெருக்கினால் 80. இன்னொருவர் 12 ரூபாய்தான் கேட்கிறார், தரம் 8. பெருக்கினால் 96. குறைவாகக் கேட்டவர் மேலே வருகிறார். அவர் கட்டுவதும் 12 ரூபாய் அல்ல. கீழே இருப்பவரின் 80ஐத் தாண்டினால் போதும், 80ஐ 8ஆல் வகுத்தால் 10, அதற்குச் சற்று மேல். இது எளிமைப்படுத்திய கணக்கு, இன்று கூகுள் இன்னும் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆனாலும் இந்த எண்களைக் கேட்ட வியாபாரி, வீட்டுக்குப் போனதும் தரத்தில் சேரும் தன் லேண்டிங் பேஜை, அதாவது கிளிக் செய்தால் திறக்கும் பக்கத்தை, ஒரு தடவை திறந்து பார்ப்பார்.

கேட்பவர்களில் விவரம் தெரிந்த ஒருவர், சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டில் உள்ள கிளிக்குகளைக் கூட்டினால் மொத்தக் கிளிக் வரவில்லையே என்று கேட்பார். மிகக் குறைவானவர்கள் தேடிய சொற்களை கூகுள் அதில் காட்டுவதில்லை. 2020 செப்டம்பரில் அந்த மறைப்பு இன்னும் கூடியது. இதற்குத் தயாராகப் போங்கள். பழைய ஸ்லைடையும் நம்பக் கூடாது. ஆட்வேர்ட்ஸ் என்ற பெயர் 2018இல் கூகுள் ஆட்ஸ் ஆனது. கீவேர்டில் பிளஸ் குறி போட்டு, அந்தச் சொல் தேடலில் இருந்தாக வேண்டும் என்று சொல்லும் பிராட் மேட்ச் மாடிஃபையர் 2021இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் பிளஸ் குறி போட்டுச் சொல்லிக்கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னதை நம்பி ஒரு கடைக்காரர் பணம் போடுகிறார் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் முந்தின நாள் கணக்கைத் திறந்து ஸ்கிரீன்ஷாட்டைப் புதிதாக எடுங்கள். மண்டபத்து நெட்டை நம்பி நேரலையாகக் காட்டப் போகாதீர்கள்.

பெரிய மேடையைப் பார்த்துத் தைரியம் போகிறது என்கிறீர்கள். இந்தத் துறையின் மேடைகள் எப்படி வந்தன என்று பாருங்கள். டேனி சல்லிவன் ஒரு பத்திரிகையாளர். 1996இல், ஒரு வாடிக்கையாளரின் தளம் தேடுபொறிகளில் ஏன் கிடைக்கவில்லை என்று ஆராயப் போனவர், கண்டதை வெப்மாஸ்டர்களுக்காக (இணையதளம் நடத்துபவர்களுக்காக) எழுதி வைத்தார். மூன்று வருடத்தில், 1999இல், சான் பிரான்சிஸ்கோவில் தேடுபொறிகளுக்காகவே ஒரு மாநாடு நடத்தினார். இங்கிலாந்தின் பிரைட்டன்எஸ்இஓ என்ற தேடல் துறை மாநாடு 2010இல் ஒரு மதுக்கடையின் மாடி அறையில் தொடங்கியது. இன்று அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அங்கே பேச யாரும் விண்ணப்பிக்கலாம், உங்களுக்கும் அந்த நாள் வரும்.

இப்போதைக்கு உங்கள் ஊர் ஜவுளி வியாபாரிகள் சங்கம், பக்கத்துக் கல்லூரியின் வணிகவியல் துறை, ரோட்டரி கூட்டம் போதும். பேச வாய்ப்பு கேட்கப் போகும்போது ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்கின் எதிர்காலம்’ என்று தலைப்பு கொடுக்காதீர்கள். ‘உங்கள் கிளிக் காசு யாருக்குப் போகிறது?’ என்று கொடுங்கள். பேச இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள், பத்து நிமிடம் கேள்விக்கு விடுங்கள்.

பேச்சுப் பழக்கத்துக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் நல்ல இடம். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கியது, கோவை, சென்னையிலும் கிளப்புகள் உண்டு. பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நிமிடப் பேச்சு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுவார்கள். நீங்கள் எத்தனை தடவை ‘ஆ…’, ‘அது வந்து…’ என்று இழுத்தீர்கள் என்று எண்ணவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் மாதம் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். முதல் பத்து பேச்சு தமிழிலேயே இருக்கட்டும். உங்கள் எதிரில் உட்காரப் போகிறவர் தறிக்காரரும் மண்டிக்காரரும். ‘கிளிக்’, ‘பட்ஜெட்’ அவர்களுக்குத் தெரியும், அப்படியே சொல்லுங்கள். ‘இம்ப்ரெஷன் ஷேர்’ என்று சொல்ல வேண்டி வந்தால், உங்கள் விளம்பரம் நூறு தடவை வந்திருக்கலாம், முப்பது தடவைதான் வந்தது என்று சொல்லுங்கள். சங்கத்தில் தேதி கிடைத்ததும் எழுதுங்கள். அதற்கு முன் உங்கள் ஸ்லைடுகளை எனக்கு அனுப்பினால், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.