காற்றைக் கவனிக்கிற பையனுக்கு ஒரு படிப்பு

"கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?" என்று கேட்டார், மகனின் மேற்படிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்க வந்த ஓர் அம்மா. மகன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். "உனக்கு எதில் ஆர்வம் தம்பி?" என்று கேட்டதும், பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் விசிறி ஓடியும் அமில நெடி ஏன் போகவில்லை என்று ஐந்து நிமிடம் விளக்கினான். அதன்பிறகு ஆறுதலை விட்டுவிட்டேன்.

அம்மா, கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது, பல்கலைக்கழக ஆய்வகங்களின் காற்றோட்டத்தைச் சீரமைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வேலை.

அலுவலக ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ரசாயன ஆய்வகத்தில் அது ஆகாது. வெளிக்காற்றை இழுத்துப் பதப்படுத்தி உள்ளே விட்டு, அப்படியே வெளியேற்ற வேண்டும். பழைய கட்டடங்கள் பலவற்றில், ஆளில்லாத நடுராத்திரியிலும் விசிறிகள் அதே வேகத்தில் ஓடும். நச்சுப்புகையை உறிஞ்சும் ஃபியூம் ஹூட்டின் கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டாலும் போகிற காற்று குறையாது.

கதவு திறந்திருக்கும் அளவுக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு, ஆள் இருப்பதை அறியும் சென்சார், மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. இவற்றைப் பழைய கட்டடத்திலேயே பொருத்தலாம். விசிறியின் மின்தேவை வேகத்தின் கனத்தை, அதாவது வேகத்தை மூன்று முறை பெருக்கி வரும் அளவை, ஒட்டி மாறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்தேவை கணக்குப்படி ஏறக்குறைய பாதியாகிவிடும்! கண்மூடித்தனமாகக் குறைத்தால் ஒரு மாணவி நச்சைச் சுவாசிப்பாள். ஹூட்டின் வாயில் காற்று வழக்கமாக நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தை ஒட்டி உள்ளே போகும். கதவின் அடியில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் அது உள்பக்கம் சாய வேண்டும். வெளிப்பக்கம் படபடத்தால் சோதனையை அங்கேயே நிறுத்த வேண்டியதுதான். நெடியைக் கவனித்துக் காரணம் தேடுகிறவனுக்கு இந்தப் பொறுப்பு பொருந்தும்.

மெக்கானிக்கல் எடுத்து, குளிரூட்டலிலும் கட்டடக் கட்டுப்பாட்டிலும் ஆழமாகப் போகலாம். டிப்ளமோவில் தொடங்கினாலும் சரி. மொட்டைமாடி வெயிலில் நிற்கிற வேலையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒரு சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். தவணை கட்டப்போவது நீங்கள்தான், உங்கள் சொந்தக்காரர்கள் இல்லை. முதலில் ஒரு கல்லூரியில் அனுமதி வாங்கி, ஆய்வகக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் விசிறிகளை அவனுக்குக் காட்டுங்கள். பராமரிப்புப் பொறியாளரிடம் கேள்விகளை அவனே கேட்கட்டும்.