கசுகாயாமா மலைக்கோட்டையும் கென்ஷினின் வாள்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானில் கசுகாயாமாவின் உச்சி வரை ஏறிவிட்டேன், கோபுரமும் இல்லை, மதிலும் இல்லை. கோட்டையை இடித்துவிட்டார்களா?

பதில்: நீங்கள் ஏறி வந்த மலையேதான் கோட்டை. இன்றைய நீகாட்டா மாநிலத்து ஜோஎட்சு நகரில், ஏறத்தாழ 180 மீட்டர் உயரமுள்ள இக்குன்றின் சரிவுகளைச் செங்குத்தாகச் செதுக்கி, படிப்படியாகச் சமதளங்கள் வெட்டி, முகடுகளின் குறுக்கே நீரற்ற அகழிகள் தோண்டி, தோண்டிய மண்ணையே கரையாக எழுப்பினார்கள். இங்கே கல்மதிலைத் தேடுவது வீண். வெண்சுவரும் அடுக்குக் கூரையுமாக நாம் படங்களில் காணும் கோட்டைகள் பெரும்பாலும் இதற்குப் பிந்திய காலத்தவை. மேலே மரக்கட்டடங்கள் மட்டுமே இருந்தன. 1607இல், கோட்டையைப் பின்னாளில் ஆண்ட ஹோரி குடும்பத்தார் கடலோரத்தில் ஃபுகுஷிமா கோட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கியபின் அவையும் மறைந்தன. அடுத்த முறை சென்றால், உச்சித் தளத்துக்குப் பின்புறம் உள்ள பெரிய கிணற்றை எட்டிப் பாருங்கள்; அதில் இன்றும் நீர் நிற்கிறது. முற்றுகையில் ஒரு மலைக்கோட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதை வாளைவிட அந்த நீரே தீர்மானித்தது.

கேள்வி: உஎசுகி கென்ஷின் போர்க்களத்தில் இறந்தாரா?

பதில்: இல்லை. 16ஆம் நூற்றாண்டில் கசுகாயாமாவிலிருந்து ஆண்ட அந்தப் போர்த்தலைவர், 1578இல் இக்கோட்டைக்குள்ளேயே நோயுற்று விழுந்து இறந்தார்.

கேள்வி: 1561ஆம் ஆண்டு கவானகாஜிமா போரில் கென்ஷின் குதிரையில் பாய்ந்து எதிரித் தலைவர் தகேடா ஷிங்கெனை வெட்டியதாகவும், ஷிங்கென் போர் விசிறியால் தடுத்ததாகவும் சொல்கிறார்களே, அந்த வாள் எங்கே உள்ளது?

பதில்: அது அசுகி நகமிட்சு என்னும் வாள் என்பது வழிவழிச் செய்தி. அவ்வாள் இன்று எங்குள்ளது என்பது எவருக்கும் தெரியாது. வெட்டிய கதையோ தகேடா தரப்பின் புகழ் பாடும் பிற்கால நூலிலிருந்து வருவது. போர் நடந்தது உறுதி, இருவரும் நேருக்கு நேர் மோதியது உறுதியல்ல.

கேள்வி: கென்ஷினின் யமதோரிகே வாளுக்கு இத்தனை புகழ் ஏன்?

பதில்: கென்ஷினிடம் இருந்து, பின்னர் அவருடைய வாரிசு ககெகட்சு தமக்கு மிகப் பிடித்தவையெனக் குறித்துவைத்த 35 வாள்களுள் இடம்பெற்றது இது. கொல்லரின் பெயர் வெட்டப்படாவிட்டாலும், 13ஆம் நூற்றாண்டில் பிசென் நாட்டில் (இன்றைய ஒகாயாமா பகுதி) விளங்கிய ஃபுக்குவோகா இச்சிமோஞ்சி மரபினரின் வேலை என்பதில் வல்லுநரிடையே ஐயமில்லை. அலகின் நீளம் சுமார் 79 செ.மீ. விளக்கொளியில் அலகைச் சற்றே சாய்த்தால், விளிம்பை ஒட்டி வெண்மூட்டம் போன்ற ஒரு கோலம் எழும். கிராம்பு மொட்டுகளைக் கொத்துக் கொத்தாக அடுக்கியதுபோல, சில இடங்களில் உயரமாக அது பொங்கி நிற்கிறது. இது தீட்டிய ஓவியம் அன்று. களிமண்ணை முதுகுப் பக்கம் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்தும்போது, விரைந்து குளிரும் விளிம்பு கடினமாகிறது, மெல்லக் குளிரும் முதுகு வளைந்துகொடுக்கும் தன்மையோடு நிற்கிறது. அவ்விரண்டின் எல்லைதான் கோலமாகத் தெரிகிறது. மலைப்பறவையின் இறகு என்பது பெயரின் பொருள்.

கேள்வி: என்னிடம் பழைய ஜப்பானிய வாள் ஒன்று உள்ளது. கைப்பிடிக்குள் இருக்கும் பகுதி துருப்பிடித்துள்ளது. எதைக் கொண்டு தேய்க்கலாம்?

பதில்: எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள். அந்தக் கருந்துருவின் நிறத்தையும் படிவையும் பார்த்தே வாளின் வயதைக் கணிக்கிறார்கள். தேய்த்தால் வாளின் பிறப்புச் சான்றைக் கிழித்தவர் ஆவீர்கள். அலகையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கேள்வி: யமதோரிகே கென்ஷினின் ஊரில் இல்லாமல் ஒகாயாமா மாநிலத்தில் இருப்பது அநியாயம் அல்லவா?

பதில்: ஜோஎட்சு நகரம் முயலாமல் இல்லை. தனியார் ஒருவரிடமிருந்த அவ்வாளுக்காக 32 கோடி யென் ஒதுக்கிப் பேசியது, விலை ஒத்துவராமல் 2017இல் பேச்சு முறிந்தது. பிறகு ஒகாயாமா மாநிலத்துச் செத்தோஉச்சி நகரம் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, 2020இல் 50 கோடி யென்னுக்கு வாங்கியது. பழைய பிசென் கொல்லர்களின் ஒசாபூனே ஊர் அந்நகரத்துக்குள்தான் இருக்கிறது. பெற்ற வீட்டுக்குத் திரும்பிய பெண்ணைப் புகுந்த வீட்டார் உரிமை கோருவதுபோல இருக்கிறது உங்கள் வாதம்.

கேள்வி (வேறொருவர்): கொல்லர் செய்த வாள்கள் ஆயிரம். கென்ஷின் வைத்திருந்ததால் அல்லவா இதற்குப் புகழ்?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். கென்ஷின் கைக்கு வராதிருந்தால் யமதோரிகே இத்தனை பேரின் நாவில் நின்றிருக்காது. ஆனால் 1598இல் ககெகட்சு ஐசுவுக்கு மாற்றப்பட்டபோதே உஎசுகி குடும்பம் தன் உடைமைகளோடு எச்சிகோவை (இன்றைய நீகாட்டா பகுதி) விட்டுப் போய்விட்டது, 1601இல் யோனெசாவாவுக்கும் நகர்ந்தது. உடைமை வழியில் உரிமை பேசினால் யோனெசாவாதான் முதலில் கேட்க வேண்டும். அதன் பிறகே கசுகாயாமா. கோலம் கொல்லரின் களிமண்ணில் பிறந்தது, அந்த மண் பிசெனில் இருக்கிறது.

கேள்வி (முன்பு கேட்டவரே): அப்படியானால் கோட்டைக்கு என்ன மிச்சம்?

பதில்: அகழியும் கிணறும். அவற்றை எவரும் ஏலத்தில் எடுக்க முடியாது.

கேள்வி: துருவை எலுமிச்சைச் சாற்றால் எடுக்கலாமா?

பதில்: மேலே எழுதியதைப் படியுங்கள். எலுமிச்சையும் கூடாது, புளியும் கூடாது.

கேள்வி: ஜப்பானில் வாங்கிய பழைய வாளைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவரலாமா?

பதில்: பதிவுச் சான்றில்லாத வாளை அங்கே வைத்திருப்பதே குற்றம். நாட்டைவிட்டு வெளியே எடுத்துவர, பண்பாட்டு அலுவல் துறையிடம் தனியே சான்று பெற வேண்டும். நம் நாட்டுச் சுங்க விதிகளைச் சுங்கத்துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: கென்ஷினின் வேறு வாள்களைப் பார்க்க எங்கே செல்வது?

பதில்: யோனெசாவாவின் உஎசுகி அருங்காட்சியகத்தில் ஹிமேட்சுரு இச்சிமோஞ்சி உள்ளது. அதன் நீளத்தைக் குறைக்க உத்தரவு வந்தபோது, வாள் தீட்டுபவரின் கனவில் ஓர் இளவரசி தோன்றி, வெட்ட வேண்டாமென்று மன்றாடினாள் என்று கதை சொல்கிறார்கள். ஒசாபூனே ககெமிட்சு 1323இல் செய்த குறுவாள் சைதாமா மாநில அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டையும் ஆண்டு முழுவதும் வெளியே வைப்பதில்லை, காட்சி நாட்களை அறிந்துகொண்டு பயணச்சீட்டு எடுங்கள்.

கேள்வி: என் வாளின் துரு…

பதில்: தொடாதீர்கள்.