கல்லூரி கோச் என்எஃப்எல்லில் தேறுவாரா?

கேள்வி: நாங்கள் மிச்சிகனில் இருக்கிறோம். மகன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, புள்ளியியல் படிக்கிறான். அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் அவனுக்கு உயிர். அந்தப் பல்கலைக்கழக அணியின் கோச் ஜிம் ஹார்பா அதை விட்டுவிட்டு என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகுக்குப் போனபோது, அங்கேயும் அவர் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னான். என்னோடு வேலை பார்ப்பவரோ, கல்லூரி கோச் எவரும் அங்கே நிலைத்ததில்லை என்கிறார். எனக்கு இது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை. படிப்பு முடிந்ததும் கோச்சிங் பக்கம் போகப் போவதாக மகன் சொல்கிறான். பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, அவன் அணியில் ஆடியவனே இல்லை. கல்லூரி வட்டத்துக்குள் நுழைந்து அங்கேயே முடங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் நண்பர் காரணமில்லாமல் சொல்லவில்லை. போய்த் தோற்றவர்களின் பட்டியல் நீளம், அதில் இருப்பவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு 1996-ல் தேசியப் பட்டம் வாங்கித் தந்த ஸ்டீவ் ஸ்பரியர், வாஷிங்டன் அணியில் இரண்டு சீசன் இருந்து 12 வெற்றி, 20 தோல்வியோடு கிளம்பினார். லூ ஹோல்ட்ஸ் 1976-ல் நியூயார்க் ஜெட்ஸில் ஒரு சீசனைக்கூட முழுசாக முடிக்கவில்லை. பாபி பெட்ரினோ 2007-ல் அட்லாண்டாவை 13 ஆட்டத்தோடு பாதியில் விட்டு, வீரர்களின் லாக்கரில் ஒரு சின்னக் கடிதத்தை வைத்துவிட்டுக் கல்லூரிக்கே திரும்பிப் போனார். அர்பன் மேயர் கல்லூரி கோச்சாக இருந்த 17 சீசனிலும் சேர்த்துத் தோற்றது 32 ஆட்டம்தான். 2021-ல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கு வந்து 13 ஆட்டத்தில் 11 தோற்றார். ஒரு தோல்விக்குப் பிறகு அணியோடு விமானத்தில் திரும்பாமல் ஒஹாயோவிலேயே தங்கியது பெரிய பிரச்சினையானது. சீசன் முடிவதற்குள் வேலையும் போனது.

ஆனால் "எவரும் நிலைத்ததில்லை" என்பது தவறு. கல்லூரியில் தேசியப் பட்டம், என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் இரண்டையும் தலைமை கோச்சாக வென்றவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்: ஜிம்மி ஜான்சன், பாரி ஸ்விட்சர், பீட் கேரல். ஸ்டான்ஃபர்டிலிருந்து போன பில் வால்ஷ் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று சூப்பர் பவுல் வென்றார். பாஸ்டன் காலேஜிலிருந்து போன டாம் காஃப்லின் பிற்பாடு நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு இரண்டு வாங்கித் தந்தார். ஆக, கல்லூரியிலிருந்து வந்தவர் என்ற ஒரு தகவலை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட முடியாது. அவர் அங்கே எப்படி ஜெயித்தார், புது இடத்தில் அவர் கையில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கல்லூரி கோச்சின் மிகப் பெரிய பலம் ஆள் சேர்ப்பது. பள்ளி முடிக்கிற பையன்களின் வீடுகளுக்கே போய், அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசி, நாட்டின் சிறந்த வீரர்களைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் மாதிரி இடங்களில் இது வருஷா வருஷம் நடக்கும். அப்புறம், சீசனில் பாதி ஆட்டங்களில் எதிரில் நிற்பது தங்களைவிடப் பலவீனமான அணிதான். பையன்களுக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதெல்லாம் கோச் சொன்னதுதான்.

என்எஃப்எல்லில் இந்தப் பலம் அப்படியே பறிபோய்விடும். 32 அணிகள். போன சீசனில் கடைசியில் வந்த அணிக்குத்தான், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு. 1994 முதல் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. ஒரு அணிக்கு 53 பேர். யாரைச் சேர்ப்பது என்பதைப் பல இடங்களில் ஜெனரல் மேனேஜர்தான் முடிவு செய்வார். வீரர்கள் குடும்பஸ்தர்கள். கையில் ஒப்பந்தம், பின்னால் தொழிற்சங்கம், சிலருக்குக் கோச்சைவிட அதிகச் சம்பளம். அவர்களிடம் அதட்டலோ வீராவேசப் பேச்சோ எடுபடாது. நீ சொல்கிற திட்டத்தால் நான் ஞாயிற்றுக்கிழமை ஜெயிப்பேனா என்று மட்டும் பார்ப்பார்கள்.

நிக் சேபன் கதையைக் கவனித்தால் இது நன்றாகப் புரியும். எல்எஸ்யூ எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2003 சீசன் தேசியப் பட்டத்தை வென்றவர். அதற்கு முன்பே கிளீவ்லாண்டின் என்எஃப்எல் அணியில், தலைமை கோச் பில் பெலிச்சிக்கிடம், எதிரணியைத் தடுக்கும் டிஃபன்ஸ் பிரிவின் கோச்சாக இருந்தவர்; என்எஃப்எல் அவருக்குப் புதிதே இல்லை. 2005-ல் மயாமி டால்ஃபின்ஸில் 9 வெற்றி, 7 தோல்வி. நல்ல தொடக்கம். அடுத்த வருஷம் அணிக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தேவைப்பட்டது. தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்திருந்த டிரூ பிரீஸ் ஒரு பக்கம், முழங்கால் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த டான்ட்டே கல்பெப்பர் இன்னொரு பக்கம். பிரீஸின் தோளைப் பற்றி மருத்துவர்களுக்குத் திருப்தி இல்லை. மயாமி கல்பெப்பரை எடுத்தது. அவர் நாலே ஆட்டம் ஆடினார். நியூ ஆர்லியன்ஸுக்குப் போன பிரீஸ் சில வருஷத்தில் சூப்பர் பவுல் வென்றார். சேபன் 6 வெற்றி, 10 தோல்வியில் முடித்தார். அலபாமா கோச்சாகப் போகவே மாட்டேன் என்று டிசம்பரில் சொன்னவர், ஜனவரி முதல் வாரத்தில் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். போய் ஆறு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அவர் திறமை இந்த இரண்டு வருஷத்தில் குறைந்தும் போகவில்லை, திடீரென்று கூடவும் இல்லை. கல்லூரியில் ஒரு முடிவு தப்பினால் அடுத்த பிப்ரவரிக்குள் இன்னொரு நட்சத்திரப் பையனைக் கொண்டுவந்துவிடலாம். மயாமியில் அந்த வசதி அவருக்கு இல்லை. இந்தக் காரணத்தால்தான் "சேபன் என்எஃப்எல்லில் தோற்றவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஜிம்மி ஜான்சனுக்கோ என்எஃப்எல் அனுபவமே கிடையாது. மயாமி பல்கலைக்கழகத்திலிருந்து 1989-ல் நேராக டாலஸ் கவ்பாய்ஸுக்கு வந்தார். முதல் சீசனில் ஒரு வெற்றி, 15 தோல்வி. வேறு இடமாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் அணியை வாங்கிய ஜெர்ரி ஜோன்ஸ், அர்கன்சா கல்லூரி அணியில் அவரோடு ஆடியவர். நம்பிக்கை இருந்தது, பொறுத்தார். சீசன் நடுவிலேயே அணியின் ஒரே பெரிய நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வீரர்களையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் ஜான்சன் அள்ளிக்கொண்டார். அடுத்த வருஷம் நட்சத்திர வீரர் எமிட் ஸ்மித் வந்ததும் அந்த வாய்ப்புகளின் தயவில்தான். கல்லூரி மைதானங்களிலிருந்து அப்போதுதான் வந்தவர் என்பதால் அங்கிருந்து வருகிற பையன்களை அவருக்கு நேரடியாகத் தெரியும். கல்லூரியில் பழகிய ஆள் பிடிக்கும் வேலையையே என்எஃப்எல்லிலும் செய்யும்படி நிலைமை அமைந்தது. சம்பள உச்சவரம்பும் அப்போது வரவில்லை. 1992, 1993 சீசன்களில் அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பவுல். அவர் விட்டுப்போன அணியை வைத்துத்தான் ஸ்விட்சர் 1995 சீசனில் வென்றார்.

அதிகாரம் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 46 வெற்றி, 7 தோல்வி வைத்திருந்த சிப் கெல்லி, பிலடெல்பியாவில் முதல் இரண்டு சீசனும் 10 வெற்றி பெற்றார். 2015-ல் வீரர்களைச் சேர்க்கும் பொறுப்பு அவர் கைக்கே வந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குகளில் அணியின் முன்னணி வீரரான லெஷான் மெக்காயை பஃபலோவுக்கு அனுப்பினார். அந்த சீசன் முடிவதற்குள் வெளியே.

ஹார்பா விஷயத்துக்கு வருவோம். அவரைக் கல்லூரி கோச் என்று மட்டும் பார்ப்பதே சரியில்லை. என்எஃப்எல்லில் பல வருஷம் குவார்ட்டர்பேக்காக ஆடியவர், பிறகு ரெய்டர்ஸ் என்ற என்எஃப்எல் அணியில் உதவி கோச். ஸ்டான்ஃபர்டிலிருந்து 2011-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், முந்தைய சீசனில் 6 வெற்றி பெற்ற அணியை 13 வெற்றிக்குக் கொண்டுபோனார். மறு வருஷம் சூப்பர் பவுல் வரை போய், அண்ணன் ஜான் ஹார்பாவின் பால்டிமோர் அணியிடம் 34-31 என்று தோற்றார். மிச்சிகனுக்கு அவர் தேசியப் பட்டம் வாங்கித் தந்தது 2024 ஜனவரியில். அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் என்ற என்எஃப்எல் அணி அவரை எடுத்தது. 5 வெற்றி, 12 தோல்வியில் இருந்த அணி அவருடைய முதல் சீசனிலேயே 11 வெற்றி, 6 தோல்வி. சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் ஹூஸ்டனிடம் 32-12 என்று உதை வாங்கினார்கள், அதுவும் உண்மை. ஆனாலும் இந்த வழக்கில் தீர்ப்பு உங்கள் மகன் பக்கம்தான். இரண்டு பக்கமும் வாழ்ந்தவர், குவார்ட்டர்பேக்காக ஜஸ்டின் ஹெர்பர்ட்டும் ஏற்கெனவே இருந்தார். பீட் கேரலும் இப்படித்தான். ஜெட்ஸ், பேட்ரியட்ஸ் இரண்டிலும் வேலையிழந்து, யுஎஸ்சி எனப்படும் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒன்பது சீசன் இருந்துவிட்டுத்தான் சியாட்டிலுக்கு வந்து 14 சீசன் நிலைத்தார்.

இனி உங்கள் உண்மையான கவலை. மைக் மெக்டானல்ட் என்ற பெயரை மகனிடம் கேட்டுப் பாருங்கள், கட்டாயம் தெரிந்திருக்கும். கல்லூரி அணியில் ஆடியவர் இல்லை. ஜார்ஜியாவில் ஃபைனான்ஸ் படித்துக்கொண்டே ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அதே பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டென்ட் (முதுகலை படித்துக்கொண்டே கோச்களுக்கு உதவுபவர்), 2014-ல் பால்டிமோரில் இன்டர்ன், 2021-ல் உங்கள் மிச்சிகனில் டிஃபன்ஸ் பொறுப்பு, மறு வருஷம் மறுபடி பால்டிமோர். 2024-ல் சியாட்டில் அவரைத் தலைமை கோச்சாக்கியபோது வயது 36. என்எஃப்எல்லிலேயே அப்போது இளையவர் அவர்தான். கல்லூரிக்கும் என்எஃப்எல்லுக்கும் நடுவில் இந்த அளவுக்குப் போக்குவரத்து இருக்கும்போது, முடங்கிவிடுவான் என்ற பயம் வேண்டாம். 2021-லிருந்து கல்லூரி வீரர்களும் தங்கள் பெயரால் சம்பாதிக்கலாம், 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தருகின்றன. கல்லூரியிலும் ஜெனரல் மேனேஜர், பட்ஜெட் என்று வந்தாயிற்று. புள்ளியியல் தெரிந்த பையனுக்கு இது நல்ல காலம்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஆரம்பத்தில் சம்பளம் சொற்பம், ராத்திரி பகல் பாராத வேலை. தலைமை கோச்சை நீக்கினால் கீழே இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று வாழ அவன் தயாரா என்று கேளுங்கள். தயார் என்றால், அவன் பல்கலைக்கழக அணியின் அலுவலகத்திலேயே மாணவர் உதவியாளர் வேலை கேட்டு இந்த சீசனே உள்ளே நுழையட்டும். கிராஜுவேட் அசிஸ்டென்ட் ஆவதற்கு வழக்கமாக முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே அந்த விண்ணப்பங்களைக் கடைசி வருஷத் தொடக்கத்திலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.