டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கட்டும், பழைய என்ஜின் எங்கே?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் மாருதி ஜிப்சி இருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் இழுவை போதவில்லை என்று, மாதவரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 2.5 லிட்டர் டீசல் என்ஜினும் அதன் கியர்பாக்ஸும் மாட்டினேன். ரூ.2,60,000 ஆனது. "பழைய டிரான்ஸ்ஃபர் கேஸே (என்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தாங்கும், ஆர்.சி.யை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மெக்கானிக். நாகலாபுரத்தில் ஃபோர்-லோ (நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் மெதுவான கியர்) போட்டுப் பாறை ஏறும்போது கேஸ் உடைந்துவிட்டது. வேறு டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்ட இன்னும் ரூ.85,000 கேட்கிறார். அதுவரை வண்டியைத் தர மாட்டாராம். கிளப் நண்பர்கள் முன்னால் எனக்கு ஒரே அவமானம். மோசடிப் புகார் கொடுக்கலாமா, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? எந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் பொருந்தும் என்று பார்ப்பது அவர் பொறுப்பு இல்லையா? நான் காட்டுப் பாதையில்தான் ஓட்டுகிறேன்.
தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். பக்கத்துக்குப் பக்கம் டிரான்ஸ்ஃபர் கேஸ் வருகிறது. உங்கள் ஆர்.சி.யில் அது ஓரிடத்தில்கூட வராது. அங்கே இருப்பது சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், சி.சி., எரிபொருள். இந்த நான்கில் சேஸிஸ் நம்பரைத் தவிர மற்ற மூன்றும் இன்றைக்கு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. உங்கள் பிரச்சினை இதுதான்.

மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்றால், வேண்டும். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். அதனால் எந்த கியர்பாக்ஸைக் கொண்டுவந்தாலும் சேர்த்துவிடலாம் என்ற ஆசை வரும். ஆனால் அந்தக் கேஸ் சுமார் 103 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தரும் 1298 சி.சி. என்ஜினுக்குச் செய்தது. பெரிய டீசல் என்ஜினின் டார்க் முதல் கியரில் பல மடங்காகி அதற்குள் போனால் பல்சக்கரம் என்ன செய்யும்? சரி, அவர் தவறு செய்தார். அவமானம், நண்பர்கள், நாகலாபுரம் எல்லாவற்றையும் இத்தோடு விட்டுவிடுவோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே தயாரிப்பு, அதே ரக என்ஜின் என்றால் அனுமதி கேட்கலாம். பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய டீசல் என்ஜினை வைத்தால் அந்தக் கணக்கில் வராது. தண்டனை 182ஏ(4)இல் இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். அது விழுவது உரிமையாளர் தலையில். காட்டுப் பாதை என்ற சமாதானம் எடுபடாது. மாற்றுவதே குற்றம், எங்கே ஓட்டினீர்கள் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. தவிர, தண்டையார்பேட்டையிலிருந்து நாகலாபுரத்துக்கு வண்டி பறந்தா போனது?

"ஆர்.சி.யை நான் பார்த்துக்கொள்கிறேன்." என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் பாதிப் பேரைக் கவிழ்த்தது இந்த ஒரு வாக்கியம்தான். புரோக்கர் ஒரு அட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார். அதில் டீசல் என்று இருக்கும், அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் போர்ட்டலில் பெட்ரோல் என்றே இருக்கும். அதுவரை விதிமீறல், அதன்பின் போலி ஆவணம். இந்த உதவி மட்டும் உங்களுக்கு வேண்டாம்.

இதைவிடப் பெரிய பள்ளம் விபத்து. எண்ணூர் சாலையில் ஒரு ஸ்கூட்டர் உங்கள் வண்டியில் உரசுகிறது என்று வையுங்கள். தவறு உங்களுடையதாகவே இல்லாமல் இருக்கலாம். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து என்ஜின் நம்பரை எழுதுவார். இன்சூரன்ஸ் கம்பெனி அந்த ரிப்போர்ட்டைத்தான் முதலில் பிரித்துப் பார்க்கும். உங்கள் வண்டிக்கான கிளெய்மை மறுத்துவிடும். அடிபட்டவருக்கான இழப்பீட்டில், "நாங்கள் கட்டுகிறோம், உரிமையாளரிடமிருந்து வசூலிக்க உத்தரவு கொடுங்கள்" என்று சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் வாதாடும். இப்படி உத்தரவாகி மனையை விற்றுக் கட்டிய ஒருவர் என் கட்சிக்காரர். அவர் மாற்றியதும் என்ஜின்தான்.

இப்போது உங்கள் இரண்டு யோசனைகள். போலீஸ் புகார் கொடுத்தால், "ஆர்.சி.யைக் காட்டுங்கள்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அந்த டீசல் என்ஜினுக்கு பில் இருக்கிறதா? எந்த வண்டியிலிருந்து கழற்றியது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருட்டு வண்டியின் என்ஜின் என்று தெரியவந்தால், புகார்தாரர் நாற்காலியிலிருந்து எழுந்து வேறு பக்கம் நிற்க வேண்டியிருக்கும்.

நுகர்வோர் ஆணையத்தில் இவ்வளவு மோசம் இல்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் உங்கள் மனுவின் முதல் பக்கமே ஒப்புதல் வாக்குமூலம்தான். எதிர்த்தரப்பு ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வரும்: சட்டம் தடுத்த வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அவர் ஆர்.சி. பற்றிச் சொன்னது வாட்ஸ்அப்பில் இருந்தால் உங்கள் கை கொஞ்சம் ஓங்கும். அழித்துவிடாதீர்கள்.

ராத்திரியில் மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியை இழுத்து வரும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால் பொருளைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டம் 170 மெக்கானிக்குக்கு உரிமை தருகிறது. ரிப்பேருக்குக் கொடுத்த சொந்தக் கடிகாரத்தைக் கூலி தராமல் எடுத்துப் போனால் திருட்டு என்று குற்றவியல் சட்டமே உதாரணம் சொல்கிறது. இன்னும் செய்யாத வேலைக்கான ரூ.85,000க்காக அவர் வண்டியைப் பிடித்துவைக்க முடியாது என்பது உண்மை. அதை நோட்டீஸில் சொல்லலாம், வாசலில் நின்று கத்த வேண்டாம்.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: பழைய பெட்ரோல் என்ஜின் எங்கே? ஆர்.சி.யில் உள்ள நம்பர் அதில்தான் இருக்கிறது. அதை அவர் காயலான் கடைக்குப் போட்டிருந்தால், உங்கள் நம்பரோடு அது வேறொரு வண்டியில் ஏறலாம். உங்களுக்கோ அதே ரக என்ஜினைப் பில்லோடு தேடி வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதி கேட்கும் வேலை வரும். 2008 வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிப்பு உண்டு. அப்போது எந்த என்ஜினைக் காட்டுவீர்கள்?

என்ஜின் இருந்தால் பேசி முடியுங்கள். பழைய என்ஜினையும் கியர்பாக்ஸையும் அவர் செலவில் திரும்ப மாட்டட்டும், அவர் டீசல் என்ஜினை அவரே வைத்துக்கொள்ளட்டும். எந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் பொருந்தும் என்று கேட்டீர்களே, அந்த பெட்ரோல் என்ஜினோடு வந்த ரகம்தான். உடைந்ததற்குப் பதில் அதே ரகம் ஒன்றை அவரே போட வேண்டும். இத்தனையும் செய்து கையில் ஒரு லட்சம் வந்தால் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள். மீதி ரூ.1,60,000க்கு வழக்காட நினைத்தால் நான் தடுக்க மாட்டேன், ஆனால் என் ஃபீஸும் அதில்தான் சேரும்.

பணம் பேங்க் மூலம் வரட்டும், இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கட்டும். அவர் இழுத்தடித்தால் நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். சண்டை போடாமல், பழைய என்ஜினை நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.