செராமிக் படித்தால் எங்கே போகலாம்? கேள்விகளும் பதில்களும்

ஏ.சி. டெக்கில் (சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) செராமிக் டெக்னாலஜி படித்துவிட்டு, உருக்காலைகளுக்கான ரிஃப்ராக்டரி செங்கல், அதாவது கடும் வெப்பம் தாங்கும் செங்கல் தொழிலில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மகனுக்குக் கவுன்சிலிங்கில் ஏ.சி. டெக் செராமிக் கிடைக்கும்போல இருக்கிறது. இல்லையென்றால் ஒரு சுமாரான தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். "பானை செய்யவா நாலு வருஷம் படிக்கணும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் மேடம். (ஒரு தந்தை, திண்டுக்கல்)

சொந்தக்காரர்களிடம் அவர்கள் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளைப் பகுதி அலுமினா, அதாவது செராமிக். வீட்டுத் தரை டைல்ஸ், வாஷ் பேசின், மின்கம்பத்து இன்சுலேட்டர், ஜன்னல் கண்ணாடி, சிமென்ட் எல்லாம் இந்தப் படிப்புக்குள் வரும். பானை அதில் ஒரு ஓரம்.

வேலை எங்கே என்றால், ஃபர்னஸ் இருக்கும் இடத்தில். என் பக்கத்தையே சொல்கிறேன். சுமார் 1600 டிகிரியில் இருக்கும் உருகிய எஃகை லேடில் என்ற பெரிய வாளியில்தான் பிடிக்கிறார்கள். அதன் வெளிக்கூடும் எஃகுதான். உள்ளே சுற்றிலும் அடுக்கிய மேக்னீசியா-கார்பன் செங்கல்தான் அந்தக் கூட்டைக் காப்பாற்றுகிறது. எஃகின்மேல் மிதக்கும் கசடு தொடும் வரிசை மட்டும் மற்றதைவிட வேகமாகத் தேயும். அங்கே எந்தத் தரச் செங்கல், எத்தனை ஹீட் (ஒருமுறை எஃகைப் பிடித்து ஊற்றுவது ஒரு ஹீட்) தாங்கும், எப்போது லேடிலை வெளியே எடுப்பது என்று முடிவு செய்பவர் செராமிக் படித்தவர். தப்பினால் லேடில் ஓட்டையாகி எஃகு தரையில் ஓடும். உலகத்தில் செய்யும் ரிஃப்ராக்டரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உருக்குத் தொழிலுக்கே போகிறது. சேலத்து வெள்ளைக்கல்லுக்கு, அதுதான் மேக்னசைட், மதிப்பு வந்ததும் இதனால்தான்.

இனி உங்கள் முடிவு. பையனுக்குக் கோடிங் மேல்தான் ஆசை என்றால் கல்லூரிப் பெயருக்காக இதில் தள்ளாதீர்கள். நாலு வருஷமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவான். கெமிஸ்ட்ரி பிடிக்கும், வெளியூர் போகத் தயார் என்றால் தைரியமாகச் சேருங்கள். சென்னையை விட்டு நகர மாட்டேன் என்பவருக்கு இந்தத் துறையில் வாய்ப்பு பாதியாகிவிடும்.

அக்கா, பெண்களை பிளாண்ட்டில் எடுப்பார்களா? (பி.டெக் மூன்றாம் ஆண்டு மாணவி)

எடுக்கிறார்கள். ஆனால் நிறைய இடங்களில் லேபிலும் குவாலிட்டியிலும் உட்கார வைத்துவிடுகிறார்கள். இன்டர்வியூவிலேயே "புரொடக்ஷன் வேண்டும்" என்று கேளுங்கள். சூளைப் பக்கம் நின்றவருக்குத்தான் பின்னால் பிளாண்ட் ஹெட் பதவி வரும். இன்னொன்று, இது ஆண் பெண் எல்லோருக்கும்: அரைக்கும் இடத்திலும் பேட்ச் கலக்கும் இடத்திலும் சிலிக்காத் தூசு பறக்கும். நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ், அதைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. துணியைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லும் கம்பெனியை நம்பாதீர்கள், சரியான மாஸ்க்கும் தூசு உறிஞ்சும் ஏற்பாடும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்தாவது முடித்திருக்கிறேன். விருத்தாசலத்தில் டிப்ளமோ இருக்கிறதாமே?

இருக்கிறது தம்பி, அரசு நிறுவனம். பீங்கான் தொழில் அந்த ஊருக்குப் பழக்கமானது, படிக்கும்போதே களிமண்ணும் சூளையும் கைக்குப் பழகும். முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் பி.டெக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஷாப் ஃப்ளோரில் டிப்ளமோக்காரரின் கையை நம்பித்தான் பல பி.டெக்காரர்கள் முதல் வருஷத்தை ஓட்டுகிறார்கள்.

நான் கோவையில் சின்ன பாட்டரி ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கப்பில் கிளேஸ் (கண்ணாடிபோன்ற மேல்பூச்சு) சூளையிலிருந்து எடுக்கும்போது நன்றாக இருக்கிறது. இரண்டு நாளில் "டிங் டிங்" என்று சத்தம் வந்து வலைபோல மெல்லிய விரிசல். இதைச் சரிசெய்ய நான் என்ன படிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காகவே இன்றைக்கு உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறும்போது உங்கள் கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிறது. மண் விட்டுக்கொடுக்காது, கிளேஸ் இழுபட்டுக் கிழிகிறது. சோடாவும் பொட்டாஷும் கூடினால் சுருக்கம் கூடும், எனவே அவற்றைக் கொண்டுவரும் ஃபெல்ஸ்பார் கனிமத்தைக் கொஞ்சம் குறைத்து, நைசாக அரைத்த குவார்ட்ஸைக் கூட்டுங்கள். இரண்டு இரண்டு சதவீதமாக ஏற்றி, அஞ்சாறு டெஸ்ட் டைல் போட்டுப் பாருங்கள். ஒரேயடியாக ஏற்றினால் கிளேஸ் உருகாமல் மொரமொரவென்று நின்றுவிடும். அது உருகும் வெப்பநிலையும் கொஞ்சம் ஏறும், அதற்கேற்ப சூளையை வைத்திருங்கள்.

பாத்திரமே பிளந்தால் அது வேறு கதை. ஆறும்போது 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தைக் கடப்பதற்குள் அவசரப்பட்டு சூளைக் கதவைத் திறக்காதீர்கள்.

படிப்பு? உங்களுக்கு டிகிரி தேவையில்லை. கிளேஸை ஆக்ஸைடுகளாகப் பிரித்துக் கணக்குப் போடும் சேகர் (Seger) ஃபார்முலாவை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி போதும்.

ஆர்ட்டும் பிடிக்கும், மண்ணும் பிடிக்கும். இன்ஜினீயரிங் போகவா, டிசைன் போகவா?

கணக்கு உங்களைப் பயமுறுத்தினால் டிசைன். என்.ஐ.டி. (NID, தேசிய டிசைன் நிறுவனம்) அகமதாபாத்தில் செராமிக் அண்ட் கிளாஸ் டிசைன் தனிப் பிரிவு, டாட் (DAT) நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், ப்ளஸ் டூவில் எந்த குரூப்பும் சரி. என்.ஐ.டி. என்றதும் ரூர்கேலா என்.ஐ.டி.யோடு (NIT) குழப்பிக்கொள்ளாதீர்கள், அது ஜே.இ.இ. மெயின் எழுதிப் போகும் இன்ஜினீயரிங் காலேஜ். அங்கேயும் செராமிக் இருக்கிறது, ஐ.ஐ.டி. பி.எச்.யூ.விலும் இருக்கிறது. சென்னையிலேயே படிக்க வேண்டுமென்றால் எழும்பூர் பக்கத்து அரசு கவின் கலைக் கல்லூரியில் செராமிக் பிரிவு உண்டு.

ஸ்டூடியோ வாழ்க்கைதான் கனவு என்றால் புதுச்சேரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் இன்று நாடெங்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார்கள். அந்த மீக்கர் மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுட்டுப் பார்த்தவர். எந்த இன்ஜினீயரும் துணியாத வேலை, எனக்கு இன்றும் பொறாமைதான்.

எம்.டெக் சேர எழுதும் கேட் (GATE) தேர்வில் செராமிக் தாள் இல்லையே?

தனியாக இல்லை. எக்ஸ்.இ. (XE, இன்ஜினீயரிங் சயின்ஸஸ்) தாளில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் பிரிவை எடுங்கள், அல்லது மெட்டலர்ஜி தாள். முதலாவதுதான் நம் பாடத்துக்கு நெருக்கம்.

அட்வான்ஸ்டு செராமிக்ஸ், பயோ செராமிக்ஸ் என்று பேசுகிறார்களே, வேலை நிஜமாகவே இருக்கிறதா?

இருக்கிறது, எண்ணிக்கைதான் குறைவு. பல் டாக்டர் போடும் ஜிர்கோனியா கேப் ஓர் உதாரணம். பாதி வெந்த ஜிர்கோனியா கட்டியை மெஷினில் கடையும்போது பல்லைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாகவே கடைகிறார்கள். சுமார் 1500 டிகிரியில் வேகும்போது அது சுருங்கி வாய்க்குள் பொருந்தும் அளவுக்கு வரும். அந்தக் கட்டியில் எங்கு தொட்டாலும் சுருக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சம்பளம் அதற்குத்தான். ஆனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் எம்.டெக், பிஎச்.டி. எதிர்பார்ப்பார்கள். கொல்கத்தா சி.ஜி.சி.ஆர்.ஐ., ஐதராபாத் ஏ.ஆர்.சி.ஐ. ஆகிய ஆராய்ச்சி நிறுவனங்கள் இரண்டிலும் புராஜெக்ட் செய்ய முயலுங்கள். பி.டெக்கோடு நிறுத்திக்கொள்பவருக்குச் சோறு போடுவது டைல்ஸ், கண்ணாடி, ரிஃப்ராக்டரி, சிமென்ட்தான்.

குஜராத் மோர்பியில் டைல்ஸ் கம்பெனி ஆஃபர் வந்திருக்கிறது. ஹிந்தி தெரியாது. போகலாமா?

போங்கள். நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி அந்த ஒரு ஊரைச் சுற்றித்தான் வருகிறது. ரோலர் சூளைக்குள் போன டைல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெந்து வெளியே வந்துவிடும், தப்பு நடந்தால் அன்றைக்கே தெரியும். அதனால் ஒரு வருஷத்தில் அங்கே கற்பது வேறு இடத்தில் மூன்று வருஷம் ஆகும். ஹிந்தி ஆறு மாதத்தில் ஷிப்ட்காரர்களே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேளுங்கள்: கேஸ் விலை ஏறி சூளையை நிறுத்தினால் சம்பளம் உண்டா, தங்கும் இடத்துக்குப் பிடித்தம் எவ்வளவு.