இல்லாத கால் எப்படி வலிக்கும்?

கேள்வி: சர்க்கரை நோயால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது. "கட்டைவிரல் மடங்கிக்கிட்டு இழுக்குது" என்று ராத்திரியெல்லாம் தவிக்கிறார். சொந்தக்காரர்கள், "மனசு பேதலிச்சுப்போச்சு" என்கிறார்கள். இல்லாத விரல் வலிக்குமா?
- வாசகி, திருச்சி

பதில்: வலிக்கும். உங்கள் அப்பாவின் மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையோ காலோ எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது இன்னும் இருப்பதுபோலவே தோன்றும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வியர் மிட்செல் 1871லேயே இதை எழுதியிருக்கிறார்.

காலில் தெரிகிற வலியை உண்மையில் உணர்வது மூளைதான். உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் அறுவை சிகிச்சையின்போது, விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் அந்த இடங்களை லேசான மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு. யாரும் தொடாத விரலில் ஏதோ உணர்வதாக அவர்கள் சொன்னார்கள். காலை எடுத்த பிறகும் காலுக்கான இடம் மூளையில் இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பு நுனிகளும் கண்டபடி சேதி அனுப்பும். அதைக் கட்டைவிரலின் வலியாக மூளை எடுத்துக்கொள்கிறது.

சரி, என்ன செய்யலாம்? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடியை வைத்து ஒரு வழி கண்டார். அப்பா காலை நீட்டி உட்காரட்டும். இரண்டு காலுக்கும் நடுவே ஒரு நீளக் கண்ணாடியை, இடது காலைப் பார்த்தபடி நிறுத்துங்கள். கண்ணாடியில் விழும் இடது காலின் பிம்பம், எடுத்த கால் திரும்ப வந்ததுபோல் தெரியும். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இடது விரல்களை மெல்ல மடக்கி விரிக்க வேண்டும். கால் இழந்த அமெரிக்க ராணுவத்தினர் சிலர் தினம் 15 நிமிடம், நான்கு வாரம் இப்படிச் செய்ததில் வலி குறைந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலர் கண்ணாடியில் அந்தக் காலைப் பார்த்ததும் கலங்கிப்போவார்கள். அதனால் முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கூட இருக்கட்டும். நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

"அங்கதான் காலே இல்லையேப்பா" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள், அது அவருக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம், கால் எடுத்தவர்கள் சிலர் தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிற நினைப்பிலேயே கட்டிலைவிட்டு இறங்கி விழுந்துவிடுவார்கள். வாக்கரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், இரவில் சின்ன விளக்கு எரியட்டும். தையல் போட்ட இடம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ அது வேறு வலி. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.